நாய்களில் குடலிறக்கம்

நாய்களில் குடலிறக்கம் என்பது, வயிற்றறையைச் சுற்றியுள்ள தசைச் சுவரில் இருக்கும் துளை அல்லது தளர்ச்சி வழியாக, உள்ளே இருக்க வேண்டிய கொழுப்போ உறுப்போ தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும் நிலை ஆகும். மனிதர்களுக்கு வரும் குடலிறக்கமும் இதே இயல்புடையதுதான். கால்நடை மருத்துவமனைகளில் இதை 'ஹெர்னியா' என்றே சொல்வார்கள். பெயரில் குடல் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் இறங்குவது குடல் அல்ல. வயிற்றுக் கொழுப்பு, சிறுநீர்ப்பை, கருப்பை, புராஸ்டேட் சுரப்பி, கல்லீரல், இரைப்பை என எது வேண்டுமானாலும் இடம் மாறலாம். வீக்கத்தின் அளவைப் பார்த்து ஆபத்தை மதிப்பிட முடியாது. நெல்லிக்காய் அளவு வீக்கத்துக்குள் வெறும் கொழுப்பு இருந்தால் பல மாதம் பொறுக்கலாம். அதே அளவு வீக்கத்தில் குடலின் ஒரு மடிப்பு சிக்கியிருந்தால் அன்றே அறுவை தேவைப்படும்.

எல்லாக் குடலிறக்கங்களும் வெளியே தெரிவதும் இல்லை. நெஞ்சறைக்குள் நடக்கும் ஒரு வகை, எந்தப் புடைப்பும் காட்டாமல் மூச்சை மட்டும் பாதிக்கும்.

உள்ளே போகும் வீக்கமும் போகாத வீக்கமும்

வெளியே தெரியும் குடலிறக்கத்தை மருத்துவர் முதலில் விரல்களால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். மாவு உருண்டை போல மென்மையாக இருந்து, அழுத்தும்போது உள்ளே நழுவிப் போய், விட்டதும் திரும்பி வந்தால் அது மீளக்கூடிய குடலிறக்கம். உள்ளே போன பிறகு தசைச் சுவரில் உள்ள துளையின் விளிம்பை விரல் நுனியால் உணர முடியும். அந்த விளிம்பு வளையம் போல இருக்கும். வளையத்தின் அகலம் முக்கியமான செய்தி.

உள்ளே போனது வெளியே ஒட்டிக்கொண்டு திரும்பாமல் இருந்தால் அது மீளாத குடலிறக்கம். அதிலேயே இரத்த ஓட்டம் தடைபட்டுவிட்டால் நெரிபட்ட குடலிறக்கம். இந்த மூன்றாம் நிலையில் வீக்கம் இறுகிச் சூடாகும். தொட்டால் நாய் முனகும் அல்லது கடிக்க வரும். மேல்தோல் சிவந்து பிறகு கருநீலமாக மாறலாம். கூடவே வாந்தி, உணவு மறுத்தல், சோர்வு, வயிற்று வலி தோன்றும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும் என்பதால் காலை வரை காத்திருந்து பார்க்கலாம் என்ற முடிவு பல நாய்களின் உயிரைப் பறித்திருக்கிறது.

நாயை வளர்ப்பவர் வீட்டில் தடவிப் பார்ப்பதில் தவறில்லை. வலி இல்லாத மென்மையான வீக்கத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்து, அதன் அளவைக் குறித்து வைப்பதும், வாரம் ஒரு முறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வைப்பதும் மருத்துவருக்கு உதவும். இறுகிய, வலிக்கும் வீக்கத்தை மட்டும் அழுத்தி உள்ளே தள்ள முயலக்கூடாது. நெரிபட்ட குடல் கிழிந்துபோக அது ஒன்றே போதும்.

தொப்புள் குடலிறக்கம்

குட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். பிறந்தவுடன் மூடிக்கொள்ள வேண்டிய தொப்புள் துளை முழுமையாக மூடாததால் உண்டாகிறது. ஏர்டேல் டெரியர், பசென்ஜி, பெக்கினீஸ், வீமரனர் ஆகிய இனங்களில் அதிகம் பதிவாகியிருந்தாலும், எந்த இனத்திலும் நாட்டு நாய்களிலும் வரலாம். தாய் நாய் தொப்புள் கொடியைக் கடித்து இழுத்ததால்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குட்டிகளில் காரணம் அதுவல்ல, பரம்பரைக் கூறுதான். அதனால் இந்தக் குறை உள்ள நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதைக் கால்நடை மருத்துவர்கள் ஊக்குவிப்பதில்லை. ஆண் குட்டியில் தொப்புள் குடலிறக்கம் இருந்தால் விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் வழக்கம். இரண்டு குறைகளும் சேர்ந்து காணப்படுவது உண்டு.

சிறிய துளைகள் குட்டிக்கு ஆறு மாதம் ஆவதற்குள் தாமாகவே மூடிக்கொள்ளலாம். சில நேரம் துளை மூடிய பிறகும் வெளியே மாட்டிக்கொண்ட கொழுப்பு சிறு உருண்டையாகத் தங்கிவிடும். அது தொல்லை தருவதில்லை. விரல் நுழையும் அளவு அகலமான துளைதான் கவலைக்குரியது. மிகச் சிறிய துளைக்குள் குடல் நுழைய முடியாது. குடலின் ஒரு மடிப்பு நுழைந்து நெரிபடக்கூடிய இடைப்பட்ட அளவே ஆபத்தானது. அத்தகைய குட்டிகளுக்குக் காத்திருக்காமல் அறுவை செய்வார்கள். மற்றவற்றுக்குக் கருத்தடை அறுவை செய்யும் நாளிலேயே, அதே மயக்கத்தில், இதையும் தைத்துவிடலாம்.

கைக்குழந்தைகளின் தொப்புள் மேல் காசு வைத்துக் கட்டும் பழக்கத்தை நாய்க்குட்டிகளிடமும் சிலர் செய்து பார்ப்பதுண்டு. தசையில் உள்ள துளை காசால் மூடாது. இறுகிய கட்டு குட்டியின் தோலைப் புண்ணாக்குவதோடு, உள்ளே குடல் சிக்கினால் அதை மறைத்தும் விடும்.

தொடை இடுக்குக் குடலிறக்கம்

பின்னங்கால் உடலோடு சேரும் இடுக்கில் இயல்பாகவே ஒரு சிறு வழி உண்டு. அது விரிந்துவிட்டால் வயிற்றுக்குள் இருப்பவை அதன் வழியே தோலுக்கடியில் இறங்கும். கருத்தடை செய்யப்படாத நடுத்தர வயதுப் பெட்டை நாய்களில் இது மிகுதி. பெக்கினீஸ், டாஷ்ஹண்ட், காக்கர் ஸ்பேனியல் போன்ற இனங்களில் கூடுதலாகத் தெரிகிறது.

இங்கே தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. பெட்டை நாயின் கடைசி இரண்டு முலைகள் சரியாக இந்த இடுக்கின் மேல் அமைந்திருப்பதால், குடலிறக்கத்தை முலைக்கட்டி என்று எண்ணிவிடுவது எளிது. கட்டி என்று நினைத்து ஊசி செலுத்தினால் உள்ளே இருக்கும் கருப்பையோ குடலோ துளைபடும். எனவே இந்த இடத்து வீக்கத்தை ஸ்கேன் செய்து பார்த்த பிறகே ஊசி செலுத்துவது பாதுகாப்பு.

வெளியேறிய கருப்பை சினையாக இருந்தால் வீக்கம் வாரத்துக்கு வாரம் பெருக்கும். சினை இல்லாமலேயே வேகமாகப் பெருத்தால், அந்தக் கருப்பையில் சீழ் கோத்திருக்கக்கூடும். பருவம் முடிந்து சில வாரங்களில் நாய் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, பிறப்புறுப்பிலிருந்து கசிவு ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது குடலிறக்கத்தைச் சரிசெய்வதுடன் கருப்பையையும் நீக்கிவிடுவார்கள். ஒரு பக்கத்தில் கண்டுபிடித்தால் மறுபக்கத்தையும் சோதிப்பது கட்டாயம்.

ஆண் நாய்களில் இதே வழியாகக் குடல் விதைப்பை வரை இறங்குவது உண்டு. அரிதானது, ஆனால் நெரிபடும் வாய்ப்பு அதிகம்.

குதப்பக்கக் குடலிறக்கம்

முதிய ஆண் நாயை வளர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய வகை இது. இடுப்பெலும்பின் பின்புற வாயைச் சில தசைகள் திரை போல மூடியிருக்கின்றன. மலக்குடலைத் தாங்கிப் பிடிப்பதும் அவையே. வயதாக ஆக இந்தத் தசைகள் மெலிந்து பிரிந்தால், குதத்தின் ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலோ மென்மையான புடைப்பு தோன்றும். பாதிக்கப்படுபவை ஏறக்குறைய எல்லாமே விதைநீக்கம் செய்யப்படாத, ஐந்து வயதைக் கடந்த ஆண் நாய்கள். பாஸ்டன் டெரியர், பாக்சர், பெக்கினீஸ், கோர்கி ஆகிய இனங்கள் நூல்களில் அடிக்கடி குறிப்பிடப்படுகின்றன. பெட்டை நாய்களில் இத்தசைகள் வலுவானவை என்பதால் அவற்றில் இது அபூர்வம். தசை ஏன் மெலிகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆண் இயக்குநீர்களின் பங்கு, பெருத்த புராஸ்டேட் சுரப்பி, நாள்பட்ட முக்கல் ஆகிய மூன்றும் பேசப்படுகின்றன.

தசைத் தாங்கல் போனதும் மலக்குடல் பக்கவாட்டில் வளைந்து பை போல விரிகிறது. மலம் அதில் தேங்கிக் காய்ந்து இறுகுகிறது. நாய் முக்குகிறது, முக்க முக்கத் தசை மேலும் விலகுகிறது. வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு இது வெறும் மலச்சிக்கலாகவே தெரியும். விளக்கெண்ணெய் கொடுப்பார்கள், உணவை மாற்றுவார்கள், இரண்டு நாள் சரியாகும், பிறகு மீண்டும் தொடங்கும். மலம் நாடா போலத் தட்டையாக வருவது, முக்கும்போது வால் ஓரமாகத் தூக்கி நிற்பது, மலம் கழிக்கும்போது கத்துவது ஆகியவற்றைக் கண்டால் வாலைத் தூக்கிக் குதத்தின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொமரேனியன் போன்ற முடி அடர்ந்த நாய்களில் புடைப்பு முடிக்குள் மறைந்திருக்கும், குளிப்பாட்டும்போதுதான் தென்படும். மருத்துவர் உறை அணிந்த விரலை மலக்குடலில் செலுத்திப் பார்த்தே பெரும்பாலும் இதை உறுதி செய்துவிடுவார். குதச் சுரப்பிகளில் சீழ் கட்டினாலும் கட்டி வளர்ந்தாலும் அதே இடத்தில் வீக்கம் வரும் என்பதால் இந்தச் சோதனை தவிர்க்க முடியாதது.

இந்தத் துளை வழியாகச் சிறுநீர்ப்பை பின்பக்கமாகப் புரண்டு வெளியே வந்துவிடும்போதுதான் உயிருக்கு ஆபத்து வருகிறது. குதப்பக்கக் குடலிறக்கம் உள்ள நாய்களில் ஐந்தில் ஒன்று என்ற அளவில் இது நேர்வதாகக் கால்நடை அறுவை நூல்கள் கூறுகின்றன. சிறுநீர்ப்பை புரண்டதும் அதன் கழுத்து முறுக்கிக்கொள்ளும், சிறுநீர் வெளியேறாது. முன்பு மென்மையாக இருந்த புடைப்பு திடீரென்று பெருத்து இறுகும். நாய் காலைத் தூக்கித் தூக்கி நின்றும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அல்லது எதுவும் வராது. இரத்தத்தில் யூரியாவும் பொட்டாசியமும் ஏறத் தொடங்கும். வாந்தியும் தளர்ச்சியும் ஒரு நாளுக்குள்ளேயே தெரியலாம். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு குலையும். கவனிக்காமல் விட்டால் சில நாள்களில் இறப்பு. முக்குவது மலத்துக்காகவா சிறுநீருக்காகவா என்று பலருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. கடைசியாக நாய் நன்றாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்பதே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

அவசர நிலையில் உடனே பெரிய அறுவைக்குச் செல்வதில்லை. முதலில் சிறுநீர்க் குழாய் செலுத்திப் பார்ப்பார்கள். அது போகவில்லையென்றால் புடைப்பின் மேல்தோல் வழியாகவே ஊசியைச் செலுத்திச் சிறுநீரை உறிஞ்சி எடுத்து, சிறுநீர்ப்பையைச் சுருக்கி உள்ளே தள்ளுவார்கள். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி இரத்தத்தின் உப்புச் சமநிலை சீரான பிறகே அறுவை.

அந்த அறுவை எளிதானதல்ல. மெலிந்த தசைகளை வெறுமனே இழுத்துத் தைத்தால் தையல் நிற்காது. அதனால் இடுப்பெலும்பின் தளத்தில் இருக்கும் ஓர் உள்தசையைப் பாதி பிரித்துத் தூக்கி, துளையின் அடிப்பகுதியை அதைக் கொண்டு மூடும் முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. சில மருத்துவர்கள் செயற்கை வலையும் பயன்படுத்துவார்கள். நிலை முற்றியிருந்தால், முதலில் வயிற்றைத் திறந்து பெருங்குடலையும் சிறுநீர்ப்பையையும் வயிற்றுச் சுவரோடு தைத்து நிறுத்திவிட்டு, சில நாள்கள் கழித்துக் குதப்பக்கத் துளையை மூடுவதும் உண்டு. விதைநீக்கமும் உடன் செய்யப்படும். அதனால் புராஸ்டேட் சுருங்கும், மறுபடி வரும் வாய்ப்பும் குறையும். இடுப்பு நரம்பு பாதிக்கப்படுதல், மலத்தை அடக்க முடியாமை, தொற்று, மீண்டும் குடலிறக்கம் ஆகியவை சாத்தியமான சிக்கல்கள். இந்த அறுவையை அடிக்கடி செய்து பழகியவரிடம் செல்வது முடிவை வெகுவாக மாற்றும்.

மலமிளக்கியைக் கொடுத்தே காலம் தள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மயக்க மருந்தைத் தாங்க முடியாத அளவு இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள நாய்க்கு வேறு வழியில்லை. மற்ற நாய்களில் அது சிறுநீர்ப்பை புரளும் நாளுக்காகக் காத்திருப்பதாகவே முடியும்.

உதரவிதானக் குடலிறக்கம்

நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத் திரையே உதரவிதானம். பிறவியிலேயே இதில் குறை இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் வாகனம் மோதுவதாலோ உயரத்திலிருந்து விழுவதாலோ இது கிழிகிறது. அடிபடும் கணத்தில் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏற, அந்த அழுத்தத்தைத் தாங்காமல் திரையின் தசைப்பகுதி பிய்கிறது. அதன் வழியே கல்லீரல்தான் பெரும்பாலும் முதலில் நெஞ்சுக்குள் செல்கிறது; குடலும் இரைப்பையும் அதைத் தொடரலாம்.

மோதப்பட்ட நாய் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துவிடும். காயமும் இருக்காது. 'தப்பித்துவிட்டது' என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். சில நாய்களில் மூச்சுத்திணறல் உடனே தெரியும். சிலவற்றில் வாரங்கள், ஏன் மாதங்கள் கழித்தே தெரியும். படுக்க மறுத்து உட்கார்ந்தபடியே தூங்குவது, முழங்கைகளை உடலிலிருந்து விலக்கி வைத்துக் கழுத்தை நீட்டி மூச்சு விடுவது, சாப்பிட்ட பிறகு திணறல் கூடுவது, காரணம் தெரியாத மெலிவு ஆகியவை கவனிக்க வேண்டியவை. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கும்போது இதய ஒலி மங்கியிருக்கும். சில நேரம் குடலின் இரைச்சல் நெஞ்சிலேயே கேட்கும். எக்ஸ்-ரேயும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் உறுதி செய்யும். விபத்துக்குள்ளான எந்த நாய்க்கும், நன்றாக நடந்தாலும், நெஞ்சு எக்ஸ்-ரே எடுத்து வைப்பது வீண் செலவல்ல.

இத்தகைய நாயைத் தூக்கிச் செல்லும்போது வயிற்றை அணைத்துத் தூக்கக்கூடாது, மல்லாத்தக்கூடாது. உறுதியான பலகையில் நெஞ்சு சற்று உயர்ந்திருக்கும்படி வைத்துச் செல்லலாம். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும்.

அறுவைக்கு முன் உயிர்வளி கொடுத்து, அதிர்ச்சி நிலையைத் தணிப்பார்கள். இரைப்பை நெஞ்சுக்குள் சென்று காற்றால் ஊதத் தொடங்கினால் மட்டும் தாமதிக்க முடியாது. வயிற்றைத் திறந்ததும் நாயால் தானாக மூச்சுவிட இயலாது என்பதால், மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி, அறுவை முழுவதும் ஒருவரோ கருவியோ மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வசதி இல்லாத இடத்தில் செய்யக்கூடிய அறுவை அல்ல இது. தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளும், இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடமும் தங்கள் மருத்துவமனைகளில் செல்லப் பிராணிகளுக்குச் சிகிச்சை அளிக்கின்றன. அறுவை வரை நிலையாகத் தாக்குப்பிடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன.

உதரவிதானத்தில் உணவுக்குழாய் செல்லும் துளை தளர்ந்து இரைப்பை மேலேறுவது தனி வகை. ஷார் பெய், புல்டாக், பக் போன்ற இனங்களில் காணப்படுகிறது. சாப்பிட்டதை முயற்சியின்றி அப்படியே வெளியே கக்குவது இதன் அடையாளம். பல நேரங்களில் மருந்தும் உணவு மாற்றமும் கொண்டே சமாளிக்கலாம்.

தையல் பிரிவதால் வரும் குடலிறக்கம்

கருத்தடை போன்ற வயிற்று அறுவைக்குப் பிறகு முதல் வாரத்தில் உள்தையல் விட்டுப்போனால் அந்த இடம் புடைக்கும். புடைப்புடன் இளஞ்சிவப்பு நீர் கசிந்தால் அன்றே காட்ட வேண்டும். மேல்தோலும் பிரிந்து குடல் வெளியே வந்துவிட்டால் நாய் அதை நக்கி, கடித்தும் விடும். அப்போது செய்யக்கூடியது: நாயின் வாயை எட்டவிடாமல் தடுத்து, சலைன் அல்லது காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் குடலை மூடி, உடலைச் சுற்றிக் கட்டி மருத்துவமனைக்கு விரைவது. உள்ளே தள்ள முயலக்கூடாது.

அறுவைக்கு முன்னும் பின்னும்

மயக்கம் கொடுப்பதற்கு முன் வயது வந்த நாய்களுக்கு ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரம் உணவு நிறுத்தப்படும். குட்டிகளுக்கு இவ்வளவு நேரம் கூடாது, மருத்துவர் சொல்லும் நேரமே சரி. வீட்டில் இருக்கும் மனித வலிமாத்திரையைத் தருவது ஆபத்தானது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை நாயின் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ இரைப்பையையோ கெடுக்கக்கூடியவை.

அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள்கள் கழுத்தில் கூம்புப் பட்டை இருக்க வேண்டும். நாய் பாவமாகப் பார்க்கிறது என்று அதைக் கழற்றிவிடுவதுதான் தையல் பிரிவதற்கு வழக்கமான காரணம். மாடிப்படி, சோஃபாவில் தாவுதல், மற்ற நாயுடன் விளையாட்டு எல்லாம் நிறுத்தி, கயிற்றில் பிடித்துச் சிறிது தூரம் மட்டும் நடத்தலாம். குதப்பக்க அறுவை செய்த நாய்க்கு மலம் இளகியே இருக்க வேண்டும். மருத்துவர் தரும் லாக்டுலோஸ் மருந்தைச் சில வாரங்கள் தொடர்வதுடன், வேகவைத்த மஞ்சள் பூசணியைச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். ஆட்டெலும்பும் கோழி எலும்பும் மலத்தைச் சுண்ணாம்புக் கட்டி போல இறுக்கிவிடும் என்பதால் அந்த நாய்க்கு எலும்பு கூடவே கூடாது. ஒவ்வொரு மலம் கழித்தலுக்குப் பிறகும் தையல் இடத்தை வெதுவெதுப்பான நீரில் துடைத்து உலர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரிசெய்யப்பட்டிருந்தால், மறுபக்கத்தை மாதம் ஒரு முறை வாலைத் தூக்கிப் பார்த்து வருவது பின்னாளில் அந்தப் பக்கமும் தளரும்போது முன்கூட்டியே கண்டுகொள்ள உதவும்.